சோபாவில் உட்கார்ந்த சாட்சிகள்

மேஜைக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு பேண்ட். அதைத் தூக்கிப் போட்ட பெண்மணி பிறகுதான் உட்கார்ந்தார்.

"இதுதான் மேடம் ஆதாரம்."

சர்வேயரம்மா பேண்டைத் திருப்பிப் போட்டு, உட்காரும் பக்கத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்தவர் புருஷனின் பேண்டில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்கா இந்த ஜென்மம் என்ற கேள்வி அவர் முகத்தில் ஓடியது. ஆனால் ஃபீஸ் முன்பணமாக வந்துவிட்டதால் கேள்வி வாய்வரை வரவில்லை.

இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன குடோன்களைப் பார்த்தவர் அவர். எவ்வளவு சரக்கு எரிந்தது என்று மதிப்பிடுவது வேலை. சரக்கு என்று ஒன்று முதலில் இருந்ததா என்று கண்டுபிடிப்பது திறமை. இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். பழைய வேலையிலிருந்து பென்ஷன் வரவில்லை, அலுப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

"முந்தின வாரத்துப் பேண்டும் இருக்கு. அதுக்கு முந்தின வாரத்துதும் இருக்கு" என்று வந்தவர் பையிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து வைத்தார். ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். எதையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிக் கொண்டுவரும் ஜாதி.

"மூணையும் துவைக்கலையா?" என்றார் கண்டக்டர். சர்வேயரம்மாவின் உதவியாளர். பஸ்ஸில் இருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் பேர் மட்டும் இறங்கவில்லை.

"ஆதாரத்தை யாராவது துவைப்பாங்களா சார்?"

"எங்க வீட்ல ஆதாரம் கிடைச்சா என்னைத்தான் துவைப்பாங்க."

"கண்டக்டர்" என்றார் சர்வேயரம்மா. அந்த ஒரு வார்த்தைக்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். கண்டக்டருக்கு அது தெரியும். தெரிந்து பிரயோஜனம் இருந்ததில்லை.

லேப் டெக்னீஷியன் சொன்ன கதை சின்னது. புருஷனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை. பீடி, குடி, சீட்டு எதுவும் கிடையாது. கொஞ்ச நாளாக ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்புகிறார். எங்கே என்றால் "ஒரு வேலை." வந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்கிறார். போன வாரம் எதிர்வீட்டுக்காரி அவரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்திருக்கிறாள். கூட ஒரு பெண். பட்டுப் புடவை.

"இன்னைக்கு சாயங்காலம் என் தம்பி வேன் எடுத்துட்டு வரான் மேடம். நான் அவன் வீட்டுக்குப் போறேன். உண்மை தெரிஞ்சாலும் போறேன், தெரியலைன்னாலும் போறேன். தெரிஞ்சுட்டுப் போனா ராத்திரி தூக்கமாவது வரும்."

"வேன்ல என்ன ஏத்தப் போறீங்க?"

"என்னத்தை ஏத்துறது? நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய். சேர்த்து வச்ச காசையெல்லாம் ஏதோ வீட்டு சாமான் கிளப்புல கட்டிட்டார். ஃபேக்டரி விலைக்கே சோபா, கட்டில், எல்லாம் வரும்னார். ஒரு ஸ்டூல் கூட வரலை. கேட்டா 'வந்துட்டே இருக்கு'ன்றார். வீடு காலியாத்தான் கிடக்கு. அந்தக் காசும் அவளுக்குத்தான் போயிருக்கும்."

சர்வேயரம்மா மூன்று பேண்டுகளையும் வரிசையாக வைத்தார். ஒன்றில் பச்சை நிறத்தில் மெல்லிய பஞ்சுத்தூள் ஒட்டியிருந்தது. அடுத்ததில் மெரூன். மூன்றாவதில் கடுகு மஞ்சள்.

"புது வெல்வெட் இப்படித்தான் உதிரும்" என்றார். "உங்க வீட்ல துணி போட்ட இருக்கையே இல்லைன்றீங்க."

"அதான் சொல்றேனே மேடம். அவ வீட்ல சோபா இருக்கு!"

"மூணு வாரத்துல மூணு சோபாவா?"

லேப் டெக்னீஷியன் பேண்டுகளை மறுபடி எண்ணினார்.

"சின்ன வீடு வச்சுக்கறவன் உண்டு" என்றார் சர்வேயரம்மா. "சின்ன வீட்டுல வாராவாரம் சோபா மாத்துறவன் உண்டுன்னு நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் லென்ஸ் வெட்டுற சம்பளத்துல. வாராவாரம் சோபா மாறுற இடம் ஒண்ணுதான். கடை." எழுந்து செருப்பைத் தேடினார். "அந்தக் கிளப் எங்க இருக்கு?"

*

கிளப்பின் பெயர் மாளிகை உறுப்பினர் மன்றம். டெலிபோனில் பேசிய குரலும் மாளிகையிலிருந்து பேசுவது போலத்தான் பேசியது. எல்லாரையும் உள்ளே விடுவதில்லையாம். இன்று மத்தியானக் கூட்டத்தில் அதிர்ஷ்டவசமாக ஒரே ஒரு ஜோடிக்கு இடம் இருக்கிறதாம். ஆனால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்துதான் வரவேண்டுமாம்.

"ஏன் மேடம் ரெண்டு பேரும்?" என்றார் கண்டக்டர், பஸ்ஸில்.

"தனியா வந்தா 'வீட்ல கேட்டுச் சொல்றேன்'னு தப்பிச்சுடலாம். ரெண்டு பேரும் வந்தா தப்பிக்க வழியில்லை."

"அப்ப இன்னைக்கு நம்ம ரெண்டு பேரும்..."

"ஆமா. ரெண்டு மணி நேரத்துக்கு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் டைவர்ஸ்."

"நீங்க என்னை 'ஏங்க'ன்னு கூப்பிடணும்."

சர்வேயரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி மேடம், வேலை விஷயமாவே கேக்குறேன். அந்த கிளப் லாபமா நஷ்டமா?"

"சோபா விலை குறைவாத்தான் இருக்கும். குறைஞ்ச விலைக்கு வாங்குற உரிமைக்குத்தான் விலை அதிகம். அதுக்கு மேல ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கையாள்ற செலவுன்னு வந்து, கடைசியில தெருமுனைக் கடை விலையிலதான் நிக்கும்."

"அதாவது, டிக்கெட் வாங்குறதுக்கு ஒரு டிக்கெட்."

"மூணு பங்களாவுக்கு ஒரே வீச்சுல சாமான் வாங்குறவனுக்கு லாபம் வரலாம். அவன் இங்க வரமாட்டான். அவன் வீட்டுக்கு ஃபேக்டரிக்காரனே வந்து நிப்பான்."

*

ஹால் பெரியது. ஏசி அதைவிடப் பெரியது. மேடைமேல் நீல வெல்வெட் சோபா ஒன்று விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. எதிரே நாற்காலிகளுக்குப் பதில் வரிசையாகச் சோபாக்கள். வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே எல்லாருடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சர்வேயரம்மா கடைசி வரிசையில் ஓரமாக நின்று, வருகிறவர்களைப் பார்த்தார். பதினோரு ஜோடிகள். எல்லாரும் முதல் தடவை வருவதாக வாசலில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் மூன்றாவது வரிசையில் காலியாக இருந்த பழுப்பு சோபாவில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணிலிருந்து மறைந்தார். முழங்கால் இரண்டு மட்டும் தெரிந்தது.

"ஏங்க" என்றார் சர்வேயரம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "எந்திரிங்க."

"இதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் கிடக்குறாங்களான்னு பாக்குறேன்ம்மா" என்றபடி கண்டக்டர் கையூன்றி ஏறி வந்தார். "ஸ்பிரிங் செத்துப்போச்சு."

"அதுல ஏன் யாருமே உட்காரலைன்னு யோசிச்சீங்களா?"

"ஏன்?"

"அதான் கேக்குறேன். முதல் தடவை வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். மேலே பேச முடியவில்லை. மேடைக்குக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்துவிட்டார். காதில் மைக். தன்னை 'இல்ல வாழ்வியல் ஆலோசகர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். சோபா விற்கிறவன் என்று சொன்னால் குடும்பத்துக்கே இழுக்கு போலிருக்கிறது. வீடு என்பது செங்கல் அல்ல என்றார். அது ஓர் உணர்வு என்றார். உணர்வுக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. விலைப் புத்தகத்தை உறுப்பினர்கள் மட்டுமே பார்க்கலாம். இன்றே சேரவேண்டும். இந்தக் கதவைத் தாண்டி வெளியே போனால் வாழ்நாளில் மறுபடி வாய்ப்பில்லை. உறுப்பினர்கள் விலையை வெளியே யாரிடமும் பேசக்கூடாது, ஒருவருக்கொருவரும் பேசக்கூடாது.

கண்டக்டர் காதோடு சொன்னார்: "'ஏறுங்க, எங்க போகுதுன்னு உள்ள வந்தப்புறம் சொல்றேன்'னு நான் ஒரு நாள் சொல்லியிருந்தா, அடுத்த ஸ்டாப்பிங்லயே என்னைப் புதைச்சிருப்பாங்க."

"கல்யாணமான ஆம்பளைக்கு வீட்டுல சொந்தமா ஒரே ஒரு இடம்தான் இருக்கு" என்று ஆலோசகர் ஆரம்பித்தார்.

ஹாலே சிரித்தது.

"...சோபாவோட ஓரம்!" என்று அவர் முடித்தார்.

சர்வேயரம்மா கண்ணை மூடித் திறந்தார். சிரிப்பு முதலில் வந்து ஜோக் பிறகு வந்ததை அவர் வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறார்.

"இன்னும் ஒண்ணு கவனிச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒருத்தர் கூட சோபாவை அமுக்கிப் பாக்கலை. எரிஞ்ச கடைக்கு நான் சர்வே பண்ணப் போவேன். பாதி கருகின சோபாவைக் கூட, வேடிக்கை பாக்க வந்தவன் ஒரு அமுக்கு அமுக்கிட்டுத்தான் போவான். மனுஷன் கை சும்மா இருக்காது."

"இப்ப," என்று ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார், "நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று, தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வருகிறார்கள்."

இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு மனிதர் வந்து நீல சோபாவில் உட்கார்ந்தார். பக்கத்தில் பட்டுப் புடவையில் ஒரு பெண்மணி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கைக்குழந்தையைக் கிடத்தும் அளவு இடைவெளி.

"அடுத்த வாரம் பேண்ட் நீலம்" என்றார் கண்டக்டர்.

கண்ணாடிக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். "எங்க வீடே மாறிடுச்சு. ஹால்ல சோபா, ரூம்ல கட்டில்... என் மனைவி ரொம்ப சந்தோஷமா இருக்கா." கடைசி வரியைத் தரையைப் பார்த்துச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் சந்தோஷமாக இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகப் பல்வலிக்காரர் மாதிரி சிரித்தார்.

"கேஸ் முடிஞ்சுதா மேடம்?" என்று கிசுகிசுத்தார் கண்டக்டர். "கூலிக்குச் சாட்சி சொல்றாரு. அந்தம்மாவும் அதே."

"அவர் கேஸ் முடிஞ்சுது. இந்த ஹாலோட கேஸ் முடியலை."

ஆலோசகர் இரண்டு கைகளையும் விரித்தார். "இந்த வாய்ப்பை முதலில் ஏற்கப்போகும் தைரியசாலி ஜோடி யார்?"

பதினோரு ஜோடிகளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

"நாங்க சேர்றோம்!" என்றது முதல் வரிசை. "நாங்க சேர்றோம்!" என்றது இரண்டாவது. நான்காவது வரிசையில் ஒருவர் கையைக்கூடத் தூக்கிவிட்டார். எல்லாரும் சொல்லி முடித்துவிட்டு, ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்த முகங்களில் எதுவோ இறங்கியது. கீழே உட்கார்ந்திருந்தது இரண்டே பேர். சர்வேயரம்மாவும் கண்டக்டரும்.

"பார்த்தீர்களா உற்சாகத்தை!" என்றார் ஆலோசகர். அவர் குரலே அதை நம்பவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று சர்வேயரம்மா அலுப்போடு எழுந்தார். "உங்கள்ல எத்தனை பேருக்கு 'நீங்கதான் முதல்ல எழுந்திரிக்கணும், மத்தவங்கல்லாம் புதுசு'ன்னு சொல்லி அனுப்பினாங்க?"

முதல் வரிசையில் ஒரு வழுக்கைத்தலை, "எங்களுக்கு" என்றது. "எங்களுக்கும்" என்றது இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

விஷயம் வெளியே வர அதிக நேரம் ஆகவில்லை. பணத்தைக் கட்டிவிட்டுக் கண்முழித்தவர்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். திருப்பித் தரும் வழக்கமே இல்லை என்றிருக்கிறது மன்றம். ஆனால் ஒரு கருணை: 'நல்லெண்ணத் தூதர்' ஆகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் புது ஆள் மாதிரி வந்து உட்காரவேண்டும், அல்லது மேடையேறிச் சாட்சி சொல்லவேண்டும். புது ஜோடி சேர்ந்தால்தான் அந்த வாரம் கணக்கில் வரும். கணக்கு நிறைந்தால் கட்டிய பணம் திரும்ப வரும். வாரத்துக்கு வாரம் ஆட்களைக் கலைத்துப் போட்டதால் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. தெரிந்தாலும், பேசினால் கணக்கு ரத்து. வருத்தப்படுகிறவர்கள் நாளுக்கு நாள் பெருகினார்கள். புது ஆட்கள் தேய்ந்தார்கள். இன்றைக்கு ஹால் காலியாகத் தெரியக்கூடாதே என்று, டெலிபோனில் பேசும் மாளிகைக் குரல் கிடைத்த தூதர்களையெல்லாம் கூப்பிட்டு, எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடியிருக்கிறது.

கூட்டம் இப்போது சர்வேயரம்மா பக்கம் திரும்பியது. வழுக்கைத்தலை கெஞ்சினார்: "அம்மா, நீங்க ஒருத்தராவது நிஜம்தானே? ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. எங்க எல்லாருக்கும் இந்த வாரம் கணக்குல வந்துடும்."

மேடையிலிருந்து கண்ணாடிக்கடைக்காரரும் பார்த்தார். அவர் கணக்கு நிறைய இந்த ஒரு வாரம்தான் பாக்கி என்பதை அந்தப் பார்வையே சொல்லிற்று.

"போடலாம்" என்றார் சர்வேயரம்மா. "போட்டா, அடுத்த ஞாயிறு நாங்களும் உங்களை மாதிரி அந்த ஓட்டை சோபாவை விட்டுத் தள்ளி உட்காருவோம். அதுவும் இல்லாம, நாங்க புருஷன் பொண்டாட்டி இல்லை."

"என் பொண்டாட்டி வீட்ல டிவி பாத்துக்கிட்டு இருக்கா" என்றார் கண்டக்டர். "இந்தச் செய்தி அவளுக்குப் போச்சுன்னா நான் உங்க சோபாவுலதான் குடியிருக்கணும்."

ஆலோசகர் மைக்கைக் காதிலிருந்து கழற்றினார். நாள் முழுக்க வேஷம் கட்டி, கூத்து நடத்தி, பார்க்க ஒரு ஆள் கூட வரவில்லை என்று கடைசிக் காட்சியில் தெரிந்துகொண்டவனின் முகம். பின்வாசல் எங்கே என்பது மட்டும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

கண்டக்டர் அதற்குள் ஹாலின் நடுவில் போய் நின்றார். "யாரும் தள்ளாதீங்க, யாரும் இறங்காதீங்க! பேசக்கூடாதுன்னாங்கல்ல? இப்பப் பேசுங்க. ஒருத்தருக்கொருத்தர் போன் நம்பர் வாங்கிக்கங்க. நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குத் தனித்தனியா போனா பைத்தியம்பாங்க, மொத்தமா போனா வழக்கும்பாங்க!"

*

கண்ணாடிக்கடைக்காரர் இன்னும் நீல சோபாவிலேயே இருந்தார். சர்வேயரம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க மனைவி அனுப்பினாங்க."

"இங்க... இப்படின்னு அவளுக்குத் தெரியுமா?"

"உங்களுக்குச் சின்ன வீடு இருக்குன்னு தெரியும். சாயங்காலம் தம்பி வீட்டுக்குக் கிளம்புறாங்க. வேன் வந்துக்கிட்டு இருக்கு."

பட்டுப் புடவைப் பெண்மணி தலையில் அடித்துக்கொண்டார். "கடவுளே! நாலஞ்சு வாரமா இவருக்குப் பொண்டாட்டியா உட்கார்றேன். 'கால் பட்டுடுச்சு, மன்னிச்சுக்குங்க'ன்றதைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்லை இந்த மனுஷன். எங்க வீட்டுக்காரர் வரமாட்டேன்னுட்டார், அதனால இவரோட ஜோடி போட்டுட்டாங்க. நான் வேணா வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா" என்றார் சர்வேயரம்மா. "நீங்க படியேறி வந்தா, அதுக்கப்புறம் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

கண்ணாடிக்கடைக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப தனியா வர்றவங்களையும் சேர்த்தாங்க, அவகிட்ட கேக்காம காசைக் கட்டினது தப்புதான் மேடம். ஆனா என்னைக் கொன்னது அது இல்லை. ஒவ்வொரு வாரமும் இந்த மேடையில பொய் சொல்லிச் சொல்லி, எதிர்ல உட்கார்ந்த இத்தனை குடும்பத்தையும் குழியில தள்றேனேன்னு... வீட்டுக்குப் போனா அவ முகத்தைப் பாக்க முடியலை."

"இன்னைக்கு யாரையும் தள்ளலை. எல்லாரும் ஏற்கெனவே குழியிலதான் இருந்தாங்க."

"போன வாரம்?"

சர்வேயரம்மா பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஹாலில் இன்னொரு பொய் ஒன்றும் தனியாகத் தெரிந்திருக்காது.

"போன வாரம் ஒண்ணு ரெண்டு பேர் நிஜமா இருந்திருக்கலாம். அவங்க கோர்ட்டுக்கு வரும்போது நீங்களும் போய் நில்லுங்க. இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்க. வாங்க, பஸ் போயிடும்."

*

அவர்கள் போனபோது வேன் வாசலில் நின்றிருந்தது. தம்பி, வேனில் எதை ஏற்றுவது என்று வீட்டுக்குள் தேடிப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். மாமாவைப் பார்த்ததும் எழுந்தான். அடிக்கலாமா, வணங்கலாமா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றான்.

லேப் டெக்னீஷியன் வாசற்கதவில் சாய்ந்து, சர்வேயரம்மா சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்டக்டர் கூட வாயைத் திறக்காமல் இருந்தார். அவர் சர்வீஸில் இது சாதனை.

"அந்த மேடையில என்ன சொன்னீங்க?" என்று லேப் டெக்னீஷியன் புருஷனைக் கேட்டார்.

"வீடு மாறிடுச்சுன்னு... சோபா வந்துடுச்சுன்னு..."

"அப்புறம்?"

"நீ ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னு."

"வாராவாரமா?"

"வாராவாரம்."

"முன்னபின்ன தெரியாத ஜனங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்கீங்க. ஒரு வாரமாவது என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேக்கப் பயமா இருந்துச்சு."

"இப்பக் கேளுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் மச்சினனைப் பார்த்தார், சர்வேயரம்மாவைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். எங்கும் உதவி இல்லை.

"சந்தோஷமா இருக்கியா?"

"இல்லை" என்றார் அவர் மனைவி. கதவை விட்டு விலகி வழிவிட்டார். "உள்ள வாங்க."